ஹலோ... தேக்காவிலிருந்து பேசறேன்!

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சிராங்கூன் ரோடு பக்கம் காலாற நடந்து போனால், இருப்பது வெளிநாட்டிலா, இல்லை தீபாவளிக்கு முந்தின நாள் திருச்சி பஸ் ஸ்டாண்டிலா என்று சந்தேகம் வந்துவிடும். அவ்வளவு கூட்டம்! கட்டட வேலை, கப்பல் பட்டறை, தோட்ட வேலை என்று ஆறு நாள் மூலைக்கு மூலை சிதறிக் கிடந்த நம் பையன்கள் ஏழாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு இங்கே ஆஜர். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, கோமள விலாஸில் ஒரு மசால் தோசை, நகைக்கடை வாசலில் ஒரு பெருமூச்சு. பிறகு நடைபாதைத் திண்டு, புல்தரை, படிக்கட்டு என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து, காதில் போனை வைத்தால்... பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு!

"அம்மாவுக்கு மாத்திரை வாங்கினியா?"

"மறுபடியும் மோட்டார் ரிப்பேரா? போன மாசம்தானே காயில் கட்டினோம்?"

"பாப்பாகிட்ட போனைக் குடு... சரி, அழாதே. அழாதேங்கறேன்ல?"

வரைபடத்தில் இந்த வட்டாரத்துக்கு லிட்டில் இந்தியா என்று பெயர். உள்ளூர்த் தமிழர் வாயில் தேக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே அமோகமாக நடந்தது மாட்டு வியாபாரம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப் பெயர்களிலேயே எருமை படுத்திருக்கிறது (மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் அதே எருமைதான்). பக்கத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 1933 வரை குதிரைப் பந்தயம். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கினான். பந்தயம் கட்டினவன் குதிரையின் காலைப் பார்த்துக் கட்டினான். அதே தெருக்களில் டெலிபோன் கார்டு வாங்க வந்தவன் எதைப் பிடித்துப் பார்ப்பான்? கார்டுக்கு ஏது பல்?

இருந்தது ஸார். வாங்கினவனைக் கடிக்கிற பல்!

காசை முன்னாலேயே வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுக்கும் யோசனை 1976-ல் இத்தாலியில் பிறந்தது. பொது டெலிபோனில் போடச் சில்லறை கிடைக்கவில்லை, போட்ட சில்லறையை உடைத்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தொல்லை வேறு. அதற்கு மருந்தாக வந்தது அட்டை. நல்ல யோசனைதான். ஆனால் சிராங்கூன் ரோட்டுக்காரர்களின் வாழ்க்கையில் புகுந்து விளையாடியது அந்த அட்டையின் பேரப்பிள்ளை. வெள்ளி நிறப் பூச்சை நகத்தால் சுரண்டினால் உள்ளே ரகசிய நம்பர் தெரியுமே, அந்த ரகம்.

இவர் எப்போது வந்தார் என்பதற்கு மூன்று தேதிகள் முக்கியம். 2000 ஏப்ரலில் சிங்கப்பூர் தன் டெலிபோன் சந்தையை முழுசாகத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் வாங்கிக் கடை விரிக்கலாம் என்றாகிவிட்டது. 2002 ஏப்ரலில் இந்தியப் பக்கம் வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல்.லின் தனிக்காட்டு ராஜாங்கம் முடிந்தது. 2003 மே மாதம் இந்தியாவில், செல்போனுக்கு வருகிற அழைப்புக்கும் காசு என்ற கொடுமை ஒழிந்தது. அதற்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் இங்கே அப்பா செல்போனில் பேசப் பேச அவருடைய காசும் கரையும். "சரி வெச்சிடறேன்ப்பா, காசு ஓடுது" என்பதுதான் பாசத்தின் உச்சகட்ட வசனமாக இருந்தது.

இந்த மூன்று மதகும் திறந்ததும் வெள்ளம் வந்தது. சிராங்கூன் ரோட்டின் சந்து பொந்தெல்லாம் கார்டு போஸ்டர். வாழைத்தார் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். மஞ்சள், சிவப்பு, ஊதா என்று கண்ணைப் பறிக்கிற நிறங்கள். நடுவில் தலைகாணி சைஸில் ஒரு நம்பர்: இத்தனை வெள்ளிக்கு இத்தனை நிமிஷம்! (சிங்கப்பூர் டாலருக்கு அங்கே நம் ஜனங்கள் வைத்த பேர் வெள்ளி. பாங்க் மேனேஜரே அப்படித்தான் சொல்கிறார்.)

வேலை செய்கிற விதம் சுலபம். முதலில் கார்டில் போட்டிருக்கும் உள்ளூர் நம்பரைக் கூப்பிட வேண்டும். ஒரு பெண் குரல், எந்த மொழி வேண்டும் என்று கேட்கும். ரகசிய நம்பரை அடித்தால், "நீங்கள் பேசக்கூடிய நேரம் இத்தனை நிமிடங்கள்" என்று தேன் ஒழுகச் சொல்லும். அப்புறம் 91 போட்டு ஊர் நம்பர். திரைக்குப் பின்னால் கார்டுக் கம்பெனி பெரிய கம்பெனிகளிடமிருந்து நிமிஷத்தை மூட்டையாக வாங்கி, சில்லறையாக விற்கிறது. நடுவில் மொத்த வியாபாரி, அவருக்குக் கீழே ஒரு வியாபாரி, கடைசியில் பெட்டிக்கடைக்காரர். எல்லோருக்கும் கமிஷன். இத்தனை பேர் சாப்பிட்ட பிறகும் போஸ்டரில் போட்ட விலை கட்டுபடியாகிறது என்றால், எங்கேயோ எதுவோ இடிக்கிறது என்று அர்த்தம்.

எங்கே இடிக்கிறது? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு விலை 5 வெள்ளி. போஸ்டரில் 100 நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 5 காசு. இதுவரை யோக்கியம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் மூன்று வரி இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் 30 காசு. நேரம் மூன்று மூன்று நிமிஷமாகத்தான் கணக்கிடப்படும். முதல் அழைப்புக்கு மறுநாளிலிருந்து தினம் 25 காசு சேவைக் கட்டணம்.

நம் ஆள் திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு தடவை வீட்டுக்குப் பேசுகிறார். தடவைக்கு நாலே நிமிஷம். நாலு நிமிஷம் பேசினால் ஆறு நிமிஷக் கணக்கு: 30 காசு. இணைப்புக்கு 30. ஆக ஒரு பேச்சுக்கு 60 காசு. ஆறு நாளைக்கு 3 வெள்ளி 60 காசு. சேவைக் கட்டணம் ஐந்து நாளைக்கு 1 வெள்ளி 25. மொத்தம் 4 வெள்ளி 85 காசு. மிச்சம் 15 காசு. அதை வைத்து இணைப்பே கிடைக்காது. கார்டு குப்பைக்கு!

பேசினது எத்தனை நிமிஷம்? ஆறு நாலு இருபத்துநாலு. போஸ்டரில் இருந்தது நூறு.

அந்தத் தேன்குரல் பொய்யா சொன்னது? இல்லையே! நடுவில் போனை வைக்காமல் ஒரே மூச்சில் பேசினால் நூறுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஒரே அழைப்பில் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல் பேசக் கல்யாணம் நிச்சயமான பையனால்தான் முடியும். அவனுக்கும் அடுத்த வாரம் தெம்பு இருக்காது.

இது போக வேறு சில்லறை விளையாட்டுகளும் உண்டு. மணி அடிக்க ஆரம்பித்ததுமே மீட்டர் ஓடும் கார்டு. எதிர்முனையில் யாரும் எடுக்காவிட்டாலும் காசு பிடிக்கும் கார்டு. வீட்டு டெலிபோனுக்கு ஒரு ரேட், செல்போனுக்கு ஒரு ரேட். போஸ்டரில் இருப்பது குறைந்த ரேட். சென்னைக்கு மட்டும் மலிவு, மற்ற ஊர்களுக்கு அதிகம் என்று இன்னொன்று. போஸ்டரில் சென்னை பெரிசாக இருக்கும், வாங்குகிறவரோ பட்டுக்கோட்டை. கார்டுக்கு முதலில் கூப்பிடும் நம்பர் உள்ளூர் நம்பர் என்றாலும், செல்போனிலிருந்து கூப்பிட்டால் அந்த உள்ளூர் அழைப்புக்கும் தனியாகக் காசு போகும். ரெட்டை மாட்டு வண்டி மாதிரி ரெண்டு பக்கமும் இழுக்கும்.

சிங்கப்பூரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. உலகத்தில் எங்கெல்லாம் ஏழைகள் பிழைக்கப் போனார்களோ அங்கெல்லாம் இந்தக் கார்டு பின்னாலேயே போயிருக்கிறது. அமெரிக்காவில் அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இதைத் தோண்டியது. சில டாலர் கார்டில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நிமிஷங்கள் என்று விளம்பரம்; ஒரே அழைப்பில் பேசித் தீர்க்காவிட்டால் கட்டணங்கள் கடித்ததுபோகக் கொசுறுதான் மிச்சம். 2015 அக்டோபரில் ஆறு கம்பெனிகளுக்குத் தலைக்கு 50 லட்சம் டாலர், மொத்தம் 3 கோடி டாலர் அபராதம் போட்டார்கள். அதற்குள் எத்தனை அம்மாக்களின் 'ஹலோ' பாதியில் அறுந்துபோனதோ!

நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அறந்தாங்கிக்காரர் ஒருவர், பதினெட்டு வருஷ சிங்கப்பூர் சர்வீஸ், சொன்ன வைத்தியத்தைக் கேளுங்கள்.

"புதுசா எந்தக் கார்டு வந்தாலும் ரூம்ல முதல்ல ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவோம் அண்ணே. பன்னெண்டு பேர் இருந்தோம். ஒருத்தன் பேசுவான், இன்னொருத்தன் கடியாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். வெச்சதும் மறுபடி நம்பர் அடிச்சு, மிச்சம் எவ்வளவுன்னு கேப்போம். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதி வெப்போம். தேறினா மத்த பதினோரு பேரும் வாங்குவோம்."

"பலே! அப்புறம் ஏமாறவே இல்லையா?"

"அங்கதான் சூது! முதல் வாரம் கார்டு தங்கமா இருக்கும். எல்லா ரூம்லயும் பேர் பரவினதும் ரெண்டாவது வாரம் புளிச்சிரும். இட்லி மாவு மாதிரி. அதே பேர், அதே படம், நிமிஷம் மட்டும் கம்மி. அதனால வாரா வாரம் டெஸ்ட்டு!"

எலெக்ட்ரிக்கல் ஹெல்ப்பர் வேலைக்குப் போன மனிதர். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாகவே ஆகியிருக்கலாம்.

★

அந்தப் போஸ்டர்கள் எல்லாம் இப்போது கிழிந்து, வெயிலில் வெளுத்து, காணாமல் போய்விட்டன. காரணம் உங்களுக்கே தெரியும்: வாட்ஸ்அப். டோமிட்டரி வைஃபையில் காசில்லாமல் பேச்சு மட்டுமா, பாப்பாவின் முகமே தெரிகிறது. (காயில் போன மோட்டாரின் முகத்தையும் காட்டுகிறார்கள்.) 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகத் தொழிலாளர் டோமிட்டரிகளை அடைத்தபோது, மாதக்கணக்கில் வெளியே கால் வைக்க முடியாமல் கிடந்தவர்களுக்கு ஊரையும் உயிரையும் இணைத்தது இந்தச் செல்போன்தான். அன்றைக்கு டாப்-அப் தீர்ந்துபோவதும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதும் ஏறக்குறைய ஒன்று.

ஆகவே கார்டு விற்ற கடைகளில் இன்று சிம் விற்கிறார்கள். கடை அதே, கண்ணாடிப் பெட்டி அதே, தலைகாணி சைஸ் நம்பரும் அதே. நிமிஷத்துக்குப் பதில் ஜி.பி. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தால், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழைய கார்டு வாங்கும்போது நீங்கள் கொடுத்தது 5 வெள்ளி மட்டும். ஏமாந்தால் போனதும் அதே 5 வெள்ளி. இப்போது சிம் வாங்கக் காசோடு பாஸ்போர்ட்டையோ ஒர்க் பெர்மிட்டையோ நீட்ட வேண்டும். 2005 நவம்பரிலிருந்து சிங்கப்பூரில் ப்ரீபெய்டு சிம்மைப் பெயர் பதிந்துதான் விற்கலாம். ஆளுக்குப் பத்து வரை வாங்கலாம் என்று இருந்ததை 2014 ஏப்ரலில் மூன்றாகக் குறைத்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்று யோசித்தால் புரியும். ஊர் பேர் தெரியாதவன் கையில் ஒரு சிம் கிடைத்தால் அதை வைத்து "நான் பாங்கிலிருந்து பேசறேன்" என்று நாலு கிழவிகளின் சேமிப்பைச் சுருட்டலாம். போலீஸ் நம்பரைப் பிடித்துக்கொண்டு வரும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டும்? யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவை.

அப்போது நிமிஷத்தைத் திருடினார்கள். இப்போது பேரைத் திருடுகிறார்கள்.

எப்படி? ரொம்ப சாதாரணமாக. "தம்பி, மெஷின்ல சரியா விழலை. பெர்மிட்டை இன்னொரு தரம் குடுங்க" என்பார் கடைக்காரர். நீங்களும் கொடுப்பீர்கள். முதல் தடவையே சரியாக விழுந்திருக்கும். இரண்டாவது தடவை விழுந்தது இன்னொரு சிம்முக்கு. உங்களுக்கு ஒன்று, உங்கள் பெயரில் யாருக்கோ ஒன்று. வாடிக்கையாளர் விவரத்தை வைத்து இப்படிக் கூடுதல் சிம் பதிந்து விற்ற கடைக்காரர்கள் சிங்கப்பூரிலும் பிடிபட்டிருக்கிறார்கள், நம் நாட்டிலும் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லாக் கடைக்காரர்களும் அப்படி இல்லை. மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்து, பாலன்ஸ் இல்லாதவனுக்குத் தன் போனையே கொடுக்கிற கடைக்காரரும் அதே வரிசையில்தான் இருக்கிறார். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

ஆகையால் சிம் வாங்கும்போது செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டைக் கண்ணை விட்டு விலக விடாதீர்கள். "உள்ளே போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன்" என்றால் நீங்களும் கூடவே உள்ளே போங்கள். கடைக்காரர் சொந்தச் செல்போனில் பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்தால், எதுக்கு அண்ணே என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் தடவை பதியச் சொன்னால் முதல் தடவைக்கு என்ன ஆயிற்று என்று ஸ்கிரீனைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வியாபாரம் வேண்டாம். சந்தேகம் மிச்சமிருந்தால் அந்த டெலிபோன் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போய், என் பாஸ்போர்ட்டில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று விசாரிக்கலாம். (நம் ஊரில் இதற்கு சஞ்சார் சாத்தி என்று மத்திய அரசின் இணையதளமே இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கினார்கள். உங்கள் பெயரில் ஓடும் நம்பர்களைப் பார்த்து, உங்களுடையது இல்லாததைப் புகார் செய்யலாம். இதைப் படித்து முடித்ததும் ஒருதரம் பாருங்கள். சில பேருக்கு வீட்டில் இல்லாத பிள்ளைகளெல்லாம் ரேஷன் கார்டில் இருப்பதுபோல் இருக்கும்.)

இன்னொரு ரகம் உண்டு. சந்து முனையில் நின்றுகொண்டு, "பாஸ்போர்ட்டே வேண்டாம் பாஸ், எல்லாம் ரெடியா இருக்கு. போட்டதும் பேசலாம்" என்று ரகசியக் குரலில் விற்பார்கள். வேலை சுலபம் என்று மயங்கக் கூடாது. ரெடியாக இருக்கிறது என்றால் வேறு எவனோ ஒரு அப்பாவியின் பெயரில் ரெடியாக இருக்கிறது. நாளைக்கு அது செத்துப்போனால் கேட்க முடியாது. கேட்டால் உங்களையே கேள்வி கேட்பார்கள்.

★

லீவு போட்டு நாலு நாள் சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கப் போகும் ஆபீஸ் நண்பர்களுக்குத் தனியாகக் கொஞ்சம்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் சிம் விற்கும் கவுன்ட்டர் கண்ணில் படும். பாஸ்போர்ட் காட்டி அங்கேயே வாங்கிவிடலாம், செவன் இலெவன் கடைகளிலும் கிடைக்கும். சுற்றுலாக்காரர்களுக்கென்றே தனி சிம் இருக்கிறது. அதில் பெரிய எழுத்தில் இருப்பது ஜி.பி. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும் நாள். நாலு நாள் பயணத்துக்கு மலைபோல் டேட்டா எதற்கு? சமுத்திரத்தையே விலைக்கு வாங்கினாலும் குளிக்கப் போவது ஒரு வாளித் தண்ணீரில்தான். அதேபோல், இந்தியாவுக்குப் பேச இத்தனை நிமிஷம் இலவசம் என்றால், அந்த நிமிஷத்துக்குத் தனிக் காலாவதித் தேதி இருக்கிறதா, போனஸ் பாலன்ஸில் வெளிநாட்டு அழைப்பு போகுமா என்று கேளுங்கள். போனஸ் என்று வருவதில் பாதி, உள்ளூரில் மட்டுமே செல்லுபடியாகும் அன்பளிப்பு. உள்ளூரில் உங்களுக்கு யாரைத் தெரியும்?

முக்கியமாக, கவுன்ட்டரை விட்டு நகருவதற்கு முன்னால் போனில் போட்டு, பாலன்ஸ் பார்த்து, ஒரு வாட்ஸ்அப் அடித்துப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

இ-சிம் என்று ஒன்று வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம், ஜோர்தான். ஆனால் பயணிகளுக்கு விற்கும் இ-சிம்களில் பல வெறும் டேட்டா மட்டும், நம்பர் கிடையாது. டாக்ஸிக்காரர் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிட முடியாது. வாங்குமுன் இதைப் படித்துப் பாருங்கள். உங்கள் போன் இ-சிம்மை ஏற்குமா என்பதையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். திரும்பி வரும்போது அது பர்ஸிலும் இருக்காது, பையிலும் இருக்காது. அது போனால் போகட்டும், கிரெடிட் கார்டில் ஒரு சாமான் வாங்கினால் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தானே வரும்? இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் நம் சிம்மும் உள்ளேயே இருக்கட்டும். ரோமிங் எஸ்.எம்.எஸ். வரும்படி ஊரிலேயே கம்பெனியிடம் சொல்லிவிட்டு, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். அணைக்காமல் விமானம் இறங்கினதும், இரண்டு நாளாகச் சேர்ந்திருந்த குட்மார்னிங் படங்களெல்லாம் ரோமிங் ரேட்டில் வந்து இறங்கும்.

அப்பாவையோ மாமாவையோ கூட்டிப் போகிறீர்களா? அவருடைய பழைய பட்டன் போனை ஒரு தரம் பாருங்கள். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி-யை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு டோமிட்டரிகளில் எத்தனையோ உழைத்த போன்கள் ஒரே நாளில் பேப்பர் வெயிட் ஆயின. 2024-ல் 3ஜி-க்கும் மங்களம் பாடிவிட்டார்கள். 4ஜி-யில் பேச்சு போகக்கூடிய போன் இல்லையென்றால், எந்தக் கடையில் எந்த சிம் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. இதைச் சொல்லாமல் சிம்மை மட்டும் தலையில் கட்டுகிறவர் உண்டு. கேட்டால், "சிம் நல்ல சிம்தான் ஸார், போன்தான் சரியில்லை." வாஸ்தவம். பொண்ணு நல்ல பொண்ணுதான், பேசத்தான் வராது என்பது மாதிரி.

வடக்குப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை. உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கம் ஜலசந்தியைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர். அந்த ஊர் சிக்னல் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பக்கம் வந்துவிடும். உங்கள் போன் சபலப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் சிங்கப்பூர்க் கட்டிலில் படுத்திருந்தும் ரோமிங் கணக்கு மலேசியாவில் ஓடும். அந்தப் பக்கம் டோமிட்டரியில் இருக்கிற சிவகங்கைத் தம்பி ஒருவர், இரண்டு மாசமாகப் பாலன்ஸ் எங்கே போகிறதென்று தெரியாமல் ரூம்மேட்டைச் சந்தேகப்பட்டு, பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தாராம். செட்டிங்ஸில் போய் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, சிங்கப்பூர் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்ததும் தொல்லை தீர்ந்தது. ரூம்மேட்டுக்கு ஒரு பிளேட் பிரியாணி நஷ்ட ஈடு.

டாப்-அப் கார்டு இன்னும் வாங்குகிறவர்கள் சுரண்டும் பூச்சு முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் மெஷினிலிருந்தே நேரடியாக ஏற்றினால், குறுஞ்செய்தி வரும்வரை காசுக்கு ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பரில் ஒரு எண் மாறினால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தயவில் ஒரு வாரம் ஊருக்குப் பேசுவார்.

கடைசியாக, கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் விஷயம். 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் சட்டம் கடுமையாகிவிட்டது. தன் பெயரில் உள்ள சிம்மைக் காசுக்கு ஆசைப்பட்டு, வாங்குகிறவன் யார், எதற்கு வாங்குகிறான் என்று விசாரிக்காமல் கொடுத்து, அது மோசடிக்குப் பயன்பட்டால் கொடுத்தவரும் குற்றவாளி. மூன்று வருஷம் வரை ஜெயில், 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒரு சிம் வாங்கிக் குடு, ஐம்பது வெள்ளி தர்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோளில் கை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வெள்ளிக்கு மூன்று வருஷம். எந்தக் கார்டும் இவ்வளவு மோசமான ரேட் கொடுத்ததில்லை.

போன வருஷம் டோமிட்டரியைக் காலி செய்த அறந்தாங்கிக்காரரின் சொத்துப் பங்கீடு இப்படி நடந்தது: ரைஸ் குக்கர் ஒருவருக்கு, ஃபேன் இன்னொருவருக்கு, பதினெட்டு வருஷத்து டிரங்குப் பெட்டி கீழ்க்கட்டில் பையனுக்கு. அந்தப் பையன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, உங்க நம்பர் கடைசியில மூணு எட்டு வருது. சீனாக்காரங்களுக்கு எட்டுன்னா ராசியாம். எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன்?"

"பெட்டியை எடுத்துக்க தம்பி. நம்பர் வேணும்னா உன் பெர்மிட்டைக் காட்டி உன் பேர்ல வாங்கு."

சாங்கியில் மிச்சம் இருந்த பாலன்ஸில் வீட்டுக்கு ஒரு போன் போட்டார். சிங்கப்பூரில் ராத்திரி மணி எட்டு, ஊரில் ஐந்தரை. "ஏர்போர்ட்டுக்கு வேன் எல்லாம் வேண்டாம், பஸ்லயே வந்துடறேன்" என்றார். வேனுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம். அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்து லைனை ரத்து செய்யச் சொல்லி, சிம்மை எடுத்து இரண்டாக ஒடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.